நுனி ஒடித்த வெண்டைக்காய்

"நுனி உடைஞ்சிருக்கு மேடம். பெட்டி பூரா நுனி உடைஞ்ச காய்."

"தானா உடையலை. நான் ஒடிச்சேன். ஒண்ணு விடாம என் கையால ஒடிச்சேன். எதுக்கு ஒடிச்சேன்னு கேளுங்க!"

"எதுக்கு ஒடிச்சாலும் உடைஞ்சது உடைஞ்சதுதான்."

"போன தடவை முத்தல்னு சொல்லித் திருப்பி விட்டது யாரு? உங்க தாத்தாவா?"

"மேடம், குரலைக் கொஞ்சம்..."

"என் குரல் இவ்வளவுதான். வேணும்னா அதையும் ஸ்கேல் வெச்சு அளந்துக்கோங்க!"

கொட்டகையில் வரிசையாக நின்றிருந்தவர்களுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சிரித்தவர் பெட்டிக்கு அடுத்த கண்டம் என்று தெரியும். ஆகவே எல்லோரும் தகரக் கூரையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி அண்ணாந்து பார்த்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவருக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. தண்ணீரில் அமுக்கிய டியூபை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். இலவசமாக நடக்கிற சண்டையை அவர் ஒரு நாளும் விட்டதில்லை.

சத்தம் போட்டவளுக்குக் கறார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. தெரு வைத்ததுதான் நிலைத்தது. விற்கும்போது ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடமாட்டாள். வாங்கும்போது ஒரு கைப்பிடி கூடுதலாகக் கேட்கவும் மாட்டாள். இரண்டாவதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

எதிரே நின்றவர் கம்பெனி ஆள். சின்ன வயசு. சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு ஸ்கேல் எந்நேரமும் தலையை நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் ஸ்கேல்காரர். நகரத்தில் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிற பெரிய பெரிய கடைகள் வைத்திருக்கும் கம்பெனி அது. தரகர்களை ஒழித்துச் சின்ன விவசாயிகளைக் கைதூக்கி விடப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்து, ரோட்டோரம் இந்தக் கொட்டகையைப் போட்டு, ஒரு குழுவையும் ஆரம்பித்துவைத்திருந்தது. ஸ்கேல்காரர் பெண்கள் எல்லோரையும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடச் சொல்லிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்களாம். வரவேற்கவும் அதே மேடம், விரட்டவும் அதே மேடம்.

மேஜைக்குப் பின்னால் குழுவின் செயலாளர் உட்கார்ந்திருந்தான். கறாரின் கூடப்பிறந்த தம்பி. கம்பெனி ஊருக்குள் வந்த நாள் முதல் ஷூ போட ஆரம்பித்தவன். வயல் வரப்பில் நடக்கும்போது ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வான். ரோடு வந்ததும் மாட்டிக்கொள்வான்.

"டேய், வாயில என்னடா வெச்சிருக்கே? நீயாவது சொல்லேன்."

"அக்கா, கம்பெனிக்குன்னு ஒரு தரம் இருக்கு. நுனி ஒடிஞ்சா குளிர்ல வெச்சதும் கறுத்துடும். பயிற்சியில சொன்னாங்களே."

"பயிற்சியில பிஸ்கட்டு குடுத்தாங்க. அதுதான் ஞாபகம் இருக்கு."

பஞ்சர்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவர்தான் பெட்டி எதுவும் கொண்டுவரவில்லையே.

கறார் செய்தது அப்படி ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. வெண்டைக்காய் வாங்கத் தெரிந்தவர்கள் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு. ஒடியாமல் வளைந்து கொடுத்தால் முத்தல், மாட்டுக்குத்தான் போடலாம். முதல் தடவை அவள் பெட்டி முத்தல் என்று திரும்பி வந்தது. அதற்குக் காரணம் அவள் மட்டுமல்ல, குழுவின் நியாய உணர்ச்சி.

யார் வயலில் காய் தயாராக இருக்கிறதோ அவர்கள் கொண்டுவரட்டும் என்றுதான் கம்பெனி சொன்னது. ஆனால் குழுவில் ஒருவர் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் பெட்டி இறக்கினால் மற்றவர்களுக்குச் சோறு இறங்காது. "அவ வீட்டுக் காய் மட்டும் என்ன வெள்ளியா?" என்று ஆரம்பித்து, அவரவர் மாமியார் காலத்துப் பகையெல்லாம் கொட்டகைக்குள் வந்துவிட்டது. கடைசியில் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். எல்லோருக்கும் திருப்தி. வெண்டைக்காய்க்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. அது தன் பாட்டுக்கு வளர்ந்தது. கறாரின் முறை வந்தபோது ஒவ்வொரு காயும் குட்டித் தடி மாதிரி ஆகியிருந்தது. ஸ்கேல்காரர் ஒன்றை எடுத்து நுனியை வளைத்தார். அது வளைந்து கும்பிடு போட்டதே தவிர ஒடியவில்லை.

குழுவில் பாதிப் பேருக்கு அப்படித் திரும்பிய பிறகு முறை ஒழிந்தது. முதலில் வருகிறவர் முதலில் இறக்கலாம் என்று ஆனது. கறார் சும்மா இருப்பாளா? அடுத்த பறிப்பு முடிந்ததும் சாயங்காலம் கூடத்தில் காயைக் கொட்டிப் புருஷனையும் மகளையும் உட்காரவைத்து, ஒவ்வொரு காயாக நுனியை ஒடித்துச் சோதித்தாள். வளைந்தது மூலைக்குப் போனது. ஒடிந்தது பெட்டிக்குப் போனது.

"அம்மா, இப்படி எல்லாத்தையும் ஒடிச்சா வாங்குவாங்களா?" என்று மகள் கேட்டாள்.

"கடைக்கு வர்றவ ஒடிச்சுத்தானே பாப்பா? அவளுக்கு அந்த வேலை மிச்சம். பெட்டியில ஒரு முத்தல் கிடையாதுன்னு சத்தியம் பண்ணிக் குடுத்த மாதிரி."

"சரிதான்" என்றார் புருஷன். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். வீடு தீப்பிடித்தது என்றாலும் சரிதான் என்றுதான் எழுந்திருப்பார்.

அப்படிச் சத்தியம் பண்ணிக் கொடுத்த காய்தான் இப்போது ஸ்கேல்காரரின் காலடியில் கிடந்தது. அவர் அதைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"ரெண்டாவது தடவை மேடம். மூணாவது திரும்பினா பேரை எடுத்துடுவோம். என் கையில இல்லை, சிஸ்டமே எடுத்துடும்."

"யாரு அந்த சிஸ்டம்? வரச் சொல்லுங்க, பேசிக்கறேன்."

பேசினாளே ஒழிய, பெட்டியைத் தூக்கும்போது அவள் முகம் வெளிறியிருந்தது. முன்பெல்லாம் அவள் நிலத்தில் ஒரு மூலையில் கத்தரி, ஒரு மூலையில் மிளகாய், வரப்போரம் அவரை என்று என்னமாவது இருக்கும். ஒன்று போனால் ஒன்று கை கொடுக்கும். கம்பெனி ஒரே ரகம், ஒரே விதை, நிலம் முழுக்க என்றது. தம்பி மேல் இருந்த நம்பிக்கையில் கத்தரியையும் மிளகாயையும் வேரோடு பிடுங்கிப்போட்டு முழுக்க வெண்டை வைத்துவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. பழைய மண்டிக்காரரிடம் அவள் விடைபெற்ற விதம் இருக்கிறதே, அதுதான் இப்போது திரும்பிப் போகிற வழியை அடைத்திருந்தது.

மண்டியில் ஏலம் நடக்கும் நேரத்தில், கூட்டத்துக்கு நடுவில் நின்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்: "இத்தனை வருஷம் என் காயைத் தரையில கொட்டிக் காலால தள்ளுனீங்க அண்ணே. இனிமே அது ஏசி வண்டியில போகும். உங்க தராசை நீங்களே கட்டிப் பிடிச்சுத் தூங்குங்க." மண்டிக்காரர் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து மறு காதில் சொருகிக்கொண்டார். அவ்வளவுதான்.

ஆகவே கம்பெனி வேண்டாம் என்றால் அந்த நிலத்துக் காய்க்குப் போக்கிடம் கிடையாது. வெண்டைக்காயை வைத்துக்கொண்டு வீறாப்பு காட்டவும் முடியாது. தங்கத்தைப் பெட்டியில் பூட்டலாம். வெண்டை ஒரு நாள் தாண்டினால் தடி.

நுனி ஒடித்த காயைத் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர்கள் வாசல் வரை வந்து, "பாவம், நல்ல பிஞ்சு" என்றார்கள். கதவைச் சாத்தியதும், "இவ வாய்க்கு இது வேணும்" என்றார்கள். இரண்டும் அவளுக்குத் தெரியும். தெருவில் எந்தக் கதவு எவ்வளவு கனம் என்று தெரியாதவளா அவள்.

மூன்றாவது தடவைக்கு அவள் ஏற்பாடு செய்ததைப் பார்த்துப் பஞ்சர்காரரே தொழிலை மறந்தார். ஸ்கேல்காரர் சொன்ன நீளத்துக்கு ஒரு குச்சி நறுக்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். பனி உலர்ந்த பிறகுதான் வயலில் இறங்கினாள். கையால் முறிக்காமல் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டினாள். தோல் சிராய்க்கக் கூடாதென்று புருஷனுக்கும் மகளுக்கும் பழைய துணியில் கையுறை தைத்துக் கொடுத்தாள். வழக்கமாக வெண்டை பறித்தால் கை முழுக்க அரிப்பு எடுக்கும். அன்றைக்குச் சொறிந்துகொள்ளக்கூட அவள் கையை நிறுத்தவில்லை. பெட்டியில் காய்களை ஒரே பக்கம் தலைவைத்து அடுக்கினாள். பெற்ற மகளுக்குக்கூட அவள் அவ்வளவு பொறுமையாகத் தலை வாரியதில்லை. மகளே சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்குப் போனபோது குளிர் வண்டி வாசலில் நின்றது. டிரைவர் ஸ்டியரிங்கில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். தம்பி எழுந்து நின்றான். அக்காவைப் பார்த்து அவன் எழுந்து நிற்பது வழக்கமில்லை. கறார் அதைக் கவனித்திருக்கலாம். ஆனால் அவள் கண் பெட்டியின் மேல் இருந்தது.

ஸ்கேல்காரர் அளந்தார். நீளம் சரி. ஒரு காயை ஒடித்தார். கொட்டகை முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். அடியிலிருந்து ஒன்றை உருவினார். மேலே இருந்ததைப் போலவே இருந்தது. முகர்ந்து பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பூச்சித் துளை இல்லை, ஈரம் இல்லை, கீறல் இல்லை. இரண்டாவது பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். காய் நன்றாக இருக்க இருக்க அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. கறாருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஆள் சோதிக்கவில்லை, தேடுகிறார்.

கடைசியில் இரண்டு காய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிமிர்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி.

"கலர் ஒத்து வரலை மேடம்."

"என்னது?"

"ஒண்ணு கரும்பச்சை, ஒண்ணு இளம்பச்சை. அடுக்கி வெச்சா ஒரே மாதிரி இருக்கணும்."

"சார், ஒரே வயித்துல பொறந்தவங்க நானும் அதோ நிக்கிற என் தம்பியும். நாங்களே ஒரே கலர் இல்லையே! வெண்டைக்காய் எங்கே போகும்?"

இந்தத் தடவை வரிசையில் நின்றவர்களால் அடக்க முடியவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் வண்டியிலிருந்து டிரைவர் எட்டிப்பார்த்தான்.

"சார், எதுக்கு அந்தம்மாவை இழுத்தடிக்கறீங்க? நேத்தே போன் வந்துச்சே, வெண்டை மூணு பெட்டி போதும், கடையில ஓடலைன்னு. மூணும் ஏத்தியாச்சு. நான் கிளம்பட்டுமா?"

சிரிப்பு நின்றது. ஸ்கேல்காரர் ஸ்கேலைச் சட்டைப்பையில் வைக்கப் பார்த்து, இரண்டு தடவை தவறவிட்டார்.

கறார் வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். மூன்று பெட்டிகள். மேலே கிடந்த ஈரத் துணி அவள் தம்பி பெண்டாட்டியுடையது. அதே துணி கொடியில் காய்வதைத் தினமும் பார்க்கிறவள்தான் அவள்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" திரும்பி வந்து தம்பியிடம்தான் கேட்டாள். "காய் மேல எதுக்குடா பழி போடறீங்க?"

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டான். தெரிந்த பாடத்தில் கேள்வி வந்துவிட்டது போல விளக்கினான். "கம்பெனி வேண்டாம்னு சொன்னா, கொண்டுவந்த காய்க்குக் காசு குடுத்தாகணும்க்கா. ஒப்பந்தம் அப்படி. தரம் இல்லேன்னு திருப்பினா குடுக்க வேண்டியதில்லை. நான் என்ன பண்ண முடியும்?"

"உனக்கு நேத்தே தெரியும்."

"தெரியும்..."

"உன் பொண்டாட்டிக்கும் தெரியும்."

"வீட்டுல பேசிக்கிட்டிருக்கும்போது காதுல விழுந்திருக்கும்."

"அவ காது நல்ல காதுடா. எனக்குத்தான் அப்படி ஒரு காது அமையலை."

அதற்குமேல் அவள் சண்டை போடவில்லை. இரண்டாம் தடவை தொண்டை கிழியக் கத்தியவள், குற்றமே செய்யாத மூன்றாம் தடவை வாயை மூடிக்கொண்டது பஞ்சர்காரருக்குப் பெரிய ஏமாற்றம். ஸ்கேல்காரர் போனில் எதையோ தட்டினார். அவள் பேர் போயிற்று. பெட்டிகளைத் தூக்கப் போனவளை நிறுத்தினார்.

"பெட்டி கம்பெனியோடது மேடம். காயை மட்டும் எடுத்துக்கோங்க."

மகள் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாக்கு கொண்டுவந்தாள். ஒரே பக்கம் தலைவைத்து அடுக்கின காய்கள் சாக்குக்குள் குப்புறவும் மல்லாக்கவும் விழுந்தன.

"மண்டிக்குப் போறேன்" என்றாள் கறார்.

"சரிதான்" என்றார் புருஷன். அதைச் சொன்னதற்கு அவர் திட்டு வாங்காதது அதுவே முதல் தடவை.

மண்டிக்காரர் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். முன்பெல்லாம் தங்கச்சி என்பார். "வாங்க மேடம், வாங்க! டேய், மேடத்துக்கு நாற்காலி எடுத்துப் போடு. ஏசி வண்டியில வந்திருப்பாங்க, இங்கே புழுங்கும். விசிறியை அந்தப் பக்கம் திருப்பு!"

நாற்காலியைக் கடையின் நடுவில் போட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருக்க அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். எழுந்தால், "ஐயையோ, உக்காருங்க மேடம்" என்றார். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எடைபோட்டு, காசு வாங்கி, டீ குடித்து, அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாங்க வந்த வியாபாரிகளும் வண்டி கட்டிப் புறப்பட்டுவிட்டார்கள். கடை காலியாகித் தரையைக் கூட்ட ஆரம்பித்த பிறகு மண்டிக்காரர் சாக்கை அவிழ்த்து ஒரு காயை ஒடித்தார்.

"அருமையான காய். காலையில வந்திருந்தா நானே ஏலம் விட்டிருப்பேன். இப்ப வாங்க ஆளில்லையே மேடம்."

"காலையிலதான் வந்தேன் அண்ணே."

"அப்படியா? கவனிக்கலையே."

அவர் சொன்னதுதான் விலை. தராசு முள் சரியாக நின்ற பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கறார் குனிந்து சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, தட்டில் கூடுதலாகப் போட்டாள்.

"அது" என்றார் மண்டிக்காரர். "போய்ட்டு வா தங்கச்சி."

அந்தக் கொட்டகையில் அதற்குப் பிறகு அதிக நாள் பெட்டி இறங்கவில்லை. தம்பியைக் கம்பெனி தன்னோடு எடுத்துக்கொண்டது. வேறு ஊர்களில் போய்க் குழு ஆரம்பித்துவைக்கிற வேலை. பெண்டாட்டி, பீரோ, தையல் மெஷின் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நகரத்துப் பக்கம் குடிபோய்விட்டான். போகும்போது அக்காவிடம் சொல்லிக்கொள்ள வந்தான். அவள் கொல்லையில் இருப்பதாகப் புருஷன் சொன்னார். அவள் ஜன்னல் பக்கத்தில்தான் இருந்தாள். ஸ்கேல்காரருக்குத் தலைமை ஆபீசில் யாரோ பெரியவர் வீட்டுப் பெண்ணோடு கல்யாணம் ஆகி, காயைத் தொடவே வேண்டாத உத்தியோகமாகக் கிடைத்துவிட்டதாம்.

வாய் நீளம் என்று டிரைவரை அந்த வண்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் சொந்த மோட்டார் சைக்கிளில் வந்து அடிக்கடி பஞ்சர் ஒட்டிக்கொண்டு போனான். சக்கரத்தில் ஒரு முள்கூட இருக்காது, கண் முழுக்க எதிர்ச்சாரியில் தெரிகிற கறார் வீட்டு ஜன்னலில்தான் என்று பஞ்சர்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கறாரின் காதுக்கு அது போய்ச்சேர்ந்தபோது, "உண்மையைச் சொல்லி வேலையைத் தொலைச்சவன். ரெண்டு குணமும் இருக்கு. ஒண்ணு நல்லது, ஒண்ணு கஷ்டம்" என்றாள். மகளுக்கும் அவனுக்கும் கல்யாணத்தை நடத்திவைத்தாள்.

மகளும் மருமகனும் நகரத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டார்கள். அவனுக்கு எங்கோ சிமெண்ட் வண்டி ஓட்டுகிற வேலை கிடைத்தது. அவளுக்குக் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிற கடை ஒன்றில் காய்கறித் தட்டுகளை அடுக்குகிற வேலை. கம்பெனி அதேதான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். முதல் வாரம் கடையில் சீருடைச் சட்டை கொடுத்ததைப் பற்றிச் சொன்னாள். இரண்டாவது வாரம், நாள் முழுக்க நிற்பதால் கால் வீங்குவதைப் பற்றிச் சொன்னாள்.

"கடை மூடறதுக்கு முன்னாடிதாம்மா கஷ்டமா இருக்கு" என்றாள் ஒரு நாள். "விக்காம மிஞ்சினதை எல்லாம் பின்பக்கம் கொண்டுபோய்ப் பிரிச்சுக் கொட்டணும். கொட்டி அது மேல ஃபினாயில் ஊத்தணும். யாரும் எடுத்துத் தின்னுடக் கூடாதாம். நேத்து வெண்டைக்காய் மட்டுமே ஒரு குவியல்."

"அழுகினதா?"

"இல்லம்மா. நல்ல காய்."

போனில் அந்தப் பக்கம் யாரோ மகளை வேலைக்குக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"கையில படாம ஊத்து" என்றாள் கறார்.